யாருமற்ற கரை: டாஸ்மேனியாவின் தென்மேற்கு ஓரமாக

ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு மூலைக்குக் கீழே, பாஸ் நீரிணைக்கு அப்பால் கிடக்கும் தீவு டாஸ்மேனியா. அதன் தலைநகரான ஹோபார்ட்டிலிருந்து கோடை மாதங்களில் சிறு பயணக் கப்பல்கள் சில தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. ஆயிரக்கணக்கானோரைச் சுமந்து செல்லும் மிதக்கும் விடுதிகள் அல்ல இவை. சிலவற்றில் பத்துப் பன்னிரண்டு பேர். பெரியவற்றில் நூறு பேர் சொச்சம். நங்கூரமிட்ட பின் ரப்பர் படகுகளில் பயணிகளைக் கரைக்கு அழைத்துச் செல்வார்கள். காக்கிள் கிரீக் என்னும் இடத்தில் தார்ச்சாலையும் மண்சாலையும் முடிந்துவிடுகின்றன. அங்கிருந்து மேற்குக் கரையிலுள்ள ஸ்ட்ராஹன் ஊர் வரை கடலோரத்தைத் தொடும் சாலை ஒன்றுமில்லை. நடந்து போகலாம், சிறு விமானத்தில் போகலாம், அல்லது கடல்வழியாகப் போகலாம். கடல்வழி என்பதும் எளிதன்று. நாற்பதாம் அட்சரேகைகளில் இடைவிடாது வீசும் மேலைக்காற்று, தென்பெருங்கடலின் அலைகளைத் தடையின்றி இக்கரையில் கொண்டுவந்து அறைகிறது. எந்த நாளில் எந்தக் குடாவில் ஒதுங்குவது என்பதைக் கப்பல் தலைவர் மட்டும் முடிவு செய்துவிட முடியாது.

இப்பயணங்களின் விளம்பரங்களில் ஒரு தொடர் திரும்பத் திரும்ப வருகிறது: மனிதக் கை படாத இயற்கை. உலகின் கடைசிக் கன்னி நிலங்களுள் ஒன்று என்றும் சொல்வார்கள். அந்நிலத்தின் அழகில் நமக்கு ஐயமில்லை. ஐயமெல்லாம் அந்தக் கை பற்றியதுதான். ஆகவே வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, அக்கப்பல்கள் செல்லும் வழியிலேயே நாமும் சென்று பார்ப்போம்.

சொல்லில் உள்ள சிக்கல்

ஆங்கிலத்தில் இவ்வகை நிலத்துக்கு வழங்கும் ‘வில்டர்னஸ்’ என்ற சொல்லுக்குத் தமிழில் நேர்ச்சொல் தேடும்போது தடுமாறுகிறோம். காடு என்றால் மரங்கள் கண்முன் வருகின்றன. இங்கோ பெரும் பரப்புகள் மரமற்ற புல்வெளி. விவிலியத்தைத் தமிழாக்கியோர் ‘வனாந்தரம்’ என்றனர். அது வறண்ட வெளியை நினைவூட்டுகிறது. இது நம் சொல்வளத்தின் குறை என்று எண்ணிவிட வேண்டியதில்லை. நமது திணை மரபில் ஆளில்லாத நிலம் என்றொரு பிரிவே இல்லை. தெய்வமும் உணவும் பறையும் தொழிலும் சேர்ந்துதான் ஒரு நிலம் நிலமாகிறது. கொடிய பாலைக்கும் எயினரும் மறவரும் உண்டு, கொற்றவை உண்டு.

இன்னொன்றும் உண்டு. பாலை என்பது தனி நிலமன்று. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து அடையும் நிலையே பாலை என்கிறது சிலப்பதிகாரம். அங்கே காரணம் வெயில். டாஸ்மேனியாவின் தென்மேற்குக் கரையில் வெயிலுக்கு இடமில்லை. மழை கொட்டித் தீர்க்கும் பகுதி அது. ஆனால் அந்த நிலமும் இயல்பு திரிந்தே இன்றைய நிலையை அடைந்தது. அது யாருமற்றதாகப் பிறக்கவில்லை, யாருமற்றதாக ஆக்கப்பட்டது என்பதே நாம் சொல்ல வருவது.

தோட்டமும் தோணியும்

ஹோபார்ட்டிலிருந்து தெற்கே வரும் கப்பல், திறந்த கடலுக்குள் நுழையும் முன் கடக்கும் கடைசி ஒதுக்கிடங்களுள் ஒன்று ரெஷெர்ஷ் குடா. காணாமற்போன லா பெரூஸைத் தேடி வந்த பிரெஞ்சுக் கடலோடி தாந்திரகாஸ்தோ 1792ஆம் ஆண்டிலும் மீண்டும் 1793ஆம் ஆண்டிலும் இங்கே தங்கினார். உடன் வந்த தோட்டக்காரர் முதல் வருகையின்போது காய்கறித் தோட்டம் ஒன்று போட்டார். இரண்டாம் வருகையில் அப்பகுதி மக்களுக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நட்பான சந்திப்புகள் நடந்தன. தாவரவியலாளர் லபில்லார்தியேர் அவற்றை விரிவாக எழுதிவைத்தார். குழந்தைகள், குடும்பங்கள், உணவு, பாட்டு எல்லாம் அப்பதிவுகளில் வருகின்றன. தீவின் மக்களைப் பற்றி அச்சமோ பேராசையோ அதிகமில்லாமல் ஐரோப்பியர் எழுதிய பக்கங்கள் மிகக் குறைவு. அவற்றுள் இவை சேரும். மரம் வெட்டும் திட்டத்தால் இந்தக் குடாவுக்கு நேரவிருந்த ஆபத்து, 2006ஆம் ஆண்டில் நிலப் பாதுகாப்பு அமைப்பொன்று அந்நிலத்தை விலைகொடுத்து வாங்கியதால் நீங்கியது.

தென்கிழக்கு முனையைத் தாண்டினால் கப்பல் ஆடத் தொடங்கும். இடப்புறத்தில் மாட்சைக்கர் தீவு தெரியும். 1891ஆம் ஆண்டு முதல் அங்கே கலங்கரை விளக்கம் உண்டு. தீவு, பெருநிலக் கரையிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அக்கடலை இன்று எஃகுக் கப்பலின் தளத்தில் நின்று பார்ப்பவர்களே கம்பியை இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள். அதே கடலைத் தென்மேற்கின் தொல்குடி மக்கள் மரப்பட்டைகளைக் கட்டுக்கட்டாகப் பிணைத்துச் செய்த தோணிகளில் கடந்தார்கள். சீல்களையும், நிலத்தில் வளைதோண்டி முட்டையிடும் கடற்பறவைகளையும் வேட்டையாடுவதற்காகப் போய்வந்தார்கள்.

கரையெங்கும் அவர்களது சிப்பி மேடுகள் கிடக்கின்றன. மேற்குக் கரையில் குவிமாடம் போன்ற குடில்கள் நின்ற குழிகளும் உண்டு. உள்நாட்டில், ஃபிராங்க்ளின் ஆற்றோரத்துக் குட்டிக்கினா குகையில் ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் வாழ்ந்த சான்றுகள் கிடைத்திருக்கின்றன. பனியுகத்தின் உச்சத்தில், உலகில் அக்காலத்து மனிதர் தங்கிய மிகத் தெற்கான இடங்களுள் அதுவும் ஒன்று. பல்லெவின்னி, வர்கட்டா மினா என இன்று அழைக்கப்படும் குகைகளில் செங்காவி நிறத்தில் கைத்தடங்கள் பதிந்திருக்கின்றன. பாறைமேல் உள்ளங்கையை வைத்து, அதைச் சுற்றி வண்ணம் தெளித்து உண்டாக்கிய தடங்கள். மனிதக் கை படாத இயற்கை என்று விளம்பரம் சொல்வது இந்த நிலத்தைத்தான்.

தீயால் வளர்ந்த வெளி

தென்மேற்கு முனையைச் சுற்றி வடக்கே திரும்பினால் பிரேக்ஸீ என்னும் சிறு தீவுக்கூட்டம். பெயருக்கேற்ப அது அலைகளை உடைத்து நிறுத்துகிறது. அதன் பின்புறம் போர்ட் டேவி. அதற்கும் உள்ளே நீண்ட நீரிடுக்கின் வழியாகப் போனால் பாதர்ஸ்ட் துறைமுகம். கடல் திடீரென ஏரியாகிவிடும். தண்ணீர் கடுந்தேநீரின் நிறத்தில் இருக்கும். புல்வெளிகளின் கரிமண்ணில் ஊறிவரும் ஆற்றுநீர் கடல்நீரின்மேல் ஒரு படலமாய் மிதந்து, வெளிச்சத்தைக் கீழே விடாமல் தடுக்கிறது. அதனால் ஆழ்கடலில் மட்டுமே வாழும் சில உயிர்கள் இங்கே சில மீட்டர் ஆழத்திலேயே வாழ்கின்றன.

கரையில் இறங்கி நடப்பவர்கள் காண்பது மலையடிவாரம் வரை விரிந்த பட்டன் புல்வெளி. இவ்வளவு மழை பெய்யும் இடத்தில் அடர்காடு அல்லவா இருக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றும். தாவர வரலாற்றை ஆராய்வோர் சொல்லும் விடைகளில் முதன்மையானது தீ. தொல்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக, பருவமறிந்து, சிறு சிறு பகுதிகளாக இவ்வெளிகளைக் கொளுத்தி வந்தார்கள். புதுத்தளிரைத் தேடி விலங்குகள் வந்தன, நடைவழிகள் திறந்திருந்தன. இன்று படமெடுத்துச் செல்லப்படும் அந்தப் பரந்த காட்சியின் பெரும்பகுதி அவர்களது உழைப்பு.

இதற்கு உயிருள்ள சாட்சி ஒன்றும் உண்டு. செம்மஞ்சள் வயிற்றுக் கிளி என்னும் சிறு பறவை, உலகிலேயே இங்கு, மெலலூக்கா என்னும் இடத்தைச் சுற்றி மட்டும்தான் இயற்கையாக இனப்பெருக்கம் செய்கிறது. குளிர்காலத்தில் பாஸ் நீரிணையைக் கடந்து பெருநிலத்துக்குப் போய், கோடையில் திரும்புகிறது. 2016ஆம் ஆண்டில் திரும்பி வந்தவை இருபதுக்கும் குறைவு. கூண்டில் வளர்த்த பறவைகளை விடுவித்தும் கூடுகள் அமைத்தும் அதை மீட்டெடுக்க முயல்கிறார்கள். அதன்பின் எண்ணிக்கை எழுபதைக் கடந்திருக்கிறது. அந்த முயற்சிகளுள் ஒன்று, கிளி இரைதேடும் புல்வெளிகளைத் திட்டமிட்டுக் கொளுத்துவது. ஆளில்லாத நிலம் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை இந்தக் கிளியிடம் பொய்த்துப்போகிறது.

கேட்பாரற்ற நிலத்திலிருந்து ஓர் வெளியேற்றம்

அப்படியானால் கொளுத்திய கைகள் எங்கே போயின?

1642ஆம் ஆண்டு நவம்பரில் ஏபெல் டாஸ்மன் மேற்குக் கரையைக் கண்டபோது இறங்கவில்லை. 1815ஆம் ஆண்டு டிசம்பரில் ஜேம்ஸ் கெல்லி நான்கு துணைவருடன் ஒரு திமிங்கில வேட்டைப் படகில் ஹோபார்ட்டிலிருந்து புறப்பட்டுத் தீவைச் சுற்றிவந்தார். போர்ட் டேவியும் மெக்குவாரி துறைமுகமும் காலனிய வரைபடத்தில் ஏறியது அப்பயணத்தின் வழியாக. அதற்குள் தீவின் கிழக்கிலும் நடுப்பகுதியிலும் ஆட்டுப் பண்ணைகளுக்காக நிலம் பறிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. 1820களில் அது போராக மூண்டது. அதைக் கறுப்புப் போர் என்றே வரலாறு குறிக்கிறது.

போர் நடந்தது அங்கே. தென்மேற்கில் ஆடு மேய்க்க முடியாது, கோதுமை விளையாது. இந்நிலத்தை எந்தக் குடியேறியும் கேட்கவில்லை. ஆயினும் 1830ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் அகஸ்டஸ் ராபின்சன் என்பவர், மக்களைச் சமாதானமாக அழைத்துவரும் பணியை அரசிடமிருந்து பெற்று, இக்கரையோரமாக நடந்து வந்தார். ட்ருகனினி, அவரது கணவர் வூரடி முதலிய தொல்குடியினரே அவருக்கு வழிகாட்டிகள். அவர்கள் மொழிபெயர்த்தார்கள், உணவு தேடித் தந்தார்கள், ஆறுகளைக் கடக்க உதவினார்கள். தம் மக்களைத் துப்பாக்கியிலிருந்து காப்பதற்கு வேறு வழி தெரியாத காலம் அது.

1833ஆம் ஆண்டில் ராபின்சன் மீண்டும் வந்தபோது சமாதானப் பேச்சு பலவந்தமாக மாறியிருந்தது. பிடிக்கப்பட்ட மேற்குக் கரை மக்கள், மெக்குவாரி துறைமுகத்திலிருந்த கைதிகள் குடியேற்றத்தில் அடைத்துவைக்கப்பட்டார்கள். சில வாரங்களில் பலர் நோயுற்று இறந்தார்கள். எஞ்சியோர் பாஸ் நீரிணையிலுள்ள ஃபிளிண்டர்ஸ் தீவின் வைபலென்னா முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கும் சாவு தொடர்ந்தது. 1847ஆம் ஆண்டில் முகாம் மூடப்பட்டபோது ஹோபார்ட்டுக்குத் தெற்கே கொண்டுவரப்பட்டவர்கள் 47 பேர்.

போர்ட் டேவிப் பகுதித் தலைவர் டவ்ட்டரரும் பிடிக்கப்பட்டவர்களுள் ஒருவர். 1837ஆம் ஆண்டில் வைபலென்னாவில் இறந்தார். முகாமில் அவருக்குப் பிறந்த மகள் மத்தின்னாவைத் துணை ஆளுநர் சர் ஜான் ஃபிராங்க்ளினும் அவர் மனைவி ஜேனும் தம் மாளிகைக்குக் கொண்டுவந்து வளர்த்தார்கள். தாமஸ் போக் 1842ஆம் ஆண்டில் தீட்டிய நீர்வண்ண ஓவியத்தில் அச்சிறுமி சிவப்பு உடையும் வெறுங்காலுமாகத் தோன்றுகிறாள். அதே 1842ஆம் ஆண்டில்தான் ஃபிராங்க்ளின் தம்பதியர் ஹோபார்ட்டிலிருந்து மெக்குவாரி துறைமுகத்துக்குத் தரைவழியாகச் சாகசப் பயணம் போனார்கள். ஜேன் ஃபிராங்க்ளினைச் சில இடங்களில் கைதிகள் பல்லக்கில் சுமந்தார்கள். யாரும் இல்லாத பெருங்காட்டைக் கடந்ததாக அப்பயணம் பேசப்பட்டது. அந்தக் காட்டின் தென்புறத்துக் கரைக்கு உரியவரின் மகள் அவர்களது வீட்டிலேயே இருந்தாள். 1843ஆம் ஆண்டில் இங்கிலாந்து திரும்பியபோது அவளை அநாதை விடுதியில் விட்டுவிட்டுப் போனார்கள். ரிச்சர்ட் ஃபிளானகன் 2008ஆம் ஆண்டில் எழுதிய ‘வாண்டிங்’ நாவல் அவள் கதையைச் சொல்கிறது.

ட்ருகனினி 1876ஆம் ஆண்டில் ஹோபார்ட்டில் இறந்தார். அவரைக் கடைசி டாஸ்மேனியர் என்று அறிவித்து, எலும்புக்கூட்டை 1904 முதல் 1947 வரை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்திருந்தார்கள். 1976ஆம் ஆண்டில்தான் அவரது சாம்பல் அவர் விரும்பிய கடலில் கரைக்கப்பட்டது. கடைசி என்பதும் உண்மையன்று. பாஸ் நீரிணைத் தீவுகளிலும் பிற இடங்களிலும் அம்மக்களின் வழித்தோன்றல்கள் தொடர்ந்து வாழ்ந்தார்கள், இன்றும் வாழ்கிறார்கள். ஒரு நிலத்தை யாருமற்றது என்று நம்புவதற்கு அதன் மக்களை முற்றிலும் அழிந்தோர் என்று நம்பவேண்டியிருந்தது. ஒரு பொய் மற்றொன்றைத் தாங்கி நின்றது.

வெறுமையில் வந்து தங்கியவர்கள்

மக்கள் அகற்றப்பட்டபின் போர்ட் டேவிக்கு வந்தவர்கள் வேட்டையாடவும் வெட்டவும் வந்தவர்கள். திமிங்கில வேட்டைக்காரர்கள் பிராம்பிள் குடாவில் தங்கினார்கள். கரையில் அவர்களது கல்லறைகள் உண்டு. பைன்வெட்டிகள் வந்தார்கள், மரம் தீர்ந்ததும் போனார்கள்.

1942ஆம் ஆண்டில் வந்த கிரிச்லி பார்க்கர் என்ற இளைஞர் வேறொரு நோக்கத்தோடு வந்தார். ஹிட்லரின் ஐரோப்பாவிலிருந்து தப்பியோடும் யூதர்களுக்குப் போர்ட் டேவியில் ஒரு குடியேற்றம் அமைக்க முடியுமா என்று ஆராய்வது அவர் எண்ணம். லெனினின் முதல் அரசில் நீதித்துறைப் பொறுப்பு வகித்துப் பின்னர் நாடு துறந்த ஐசக் ஸ்டைன்பர்க், அகதிகளுக்கு இடம் தேடி ஆஸ்திரேலியா வந்திருந்தார். அவரது திட்டம் பார்க்கரைப் பற்றிக்கொண்டது. தனியே நடந்துபோன பார்க்கர், மழையில் நோயுற்று, தீமூட்ட வழியின்றி, கூடாரத்துக்குள் குறிப்பேட்டில் அக்குடியேற்றத்தைக் கற்பனை செய்து எழுதியபடியே இறந்தார். உடல் பல மாதங்கள் கழித்தே கிடைத்தது. அவர் கல்லறை அங்கேயே இருக்கிறது. வேரோடு பிடுங்கப்பட்ட ஒரு மக்களுக்கு இடம் கேட்டு அவர் உயிர்விட்ட நிலம், நூறாண்டுகளுக்குமுன் வேறொரு மக்கள் வேரோடு பிடுங்கப்பட்ட நிலம். இதை அவர் அறிந்து எழுதியதாகத் தெரியவில்லை.

மெலலூக்காவில் வெள்ளீயம் தோண்டி வாழ்ந்த டெனி கிங்கையும் குறிப்பிட்டாக வேண்டும். 1930களில் தந்தையோடு வந்து, இரண்டாம் உலகப் போருக்குப்பின் குடும்பத்தோடு நிலைத்து, 1991ஆம் ஆண்டில் இறக்கும்வரை அவ்விடத்தை வீடாகக் கொண்டவர். தன் கையால் ஒரு விமான ஓடுபாதையை அமைத்தார். பறவைகளைக் கணக்கெடுத்தார், ஓவியம் தீட்டினார், செடிகளைச் சேகரித்து அறிவியலாளருக்கு அனுப்பினார். அவர் பெயரால் வழங்கும் கிங்ஸ் லொமேஷியா என்னும் செடி விதையிடுவதில்லை. கிளைத்துக் கிளைத்தே வாழ்கிறது. புதைபடிவ இலைகளைக் கொண்டு ஒரே செடியின் தொடர்ச்சி 43,600 ஆண்டுகளாவது இருக்கும் எனக் கணித்திருக்கிறார்கள். இன்றைய பயணிகள் பலர் இறங்குவது கிங் அமைத்த ஓடுபாதையில்தான். அருகிலேயே, இப்பகுதியின் தொல்குடிகளான நீட்வன்னி மக்களின் வாழ்வைச் சொல்லும் நடைபாதை ஒன்றும் அமைக்கப்பட்டிருக்கிறது. பட்டைத் தோணியும் குடிலும் அங்கே மீண்டும் செய்து வைக்கப்பட்டிருக்கின்றன.

நரக வாசல்

மேலும் வடக்கே போனால் மெக்குவாரி துறைமுகம். அதன் வாய் மிகக் குறுகியது, மணல்திட்டு நிறைந்தது. ‘ஹெல்ஸ் கேட்ஸ்’, நரக வாசல் என்று பெயர். உள்ளே சாரா என்னும் சிறு தீவில் 1822 முதல் 1833 வரை கைதிகள் குடியேற்றம் இயங்கியது. பிற சிறைகளில் மீண்டும் குற்றம் செய்தோரை அனுப்பும் இடம் அது. இங்கே கரையே சிறை, மதில் தேவைப்படவில்லை. 1822ஆம் ஆண்டில் எட்டுப் பேர் தப்பியோடினார்கள். அவர்களுள் அலெக்சாண்டர் பியர்ஸ் மட்டும், தோழர்களின் உடலைத் தின்று உயிர்பிழைத்தவராகப் பிடிபட்டார். 1824ஆம் ஆண்டில் தூக்கிலிடப்பட்டார். சுற்றுலாப் பேச்சுகளில் இக்கதை அளவுக்கு மீறிச் சொல்லப்பட்டுவிட்டதால் நாம் அதைக் கடந்துவிடலாம்.

அதைவிட ஆழ்ந்து பார்க்கத்தக்கது மரத்தின் கதை. ஹுவான் பைன் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே பருக்கும். ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலும் வாழும். அதன் எண்ணெய் பூச்சியையும் அழுகலையும் அண்டவிடாது. பச்சை மரமே நீரில் மிதக்கும். படகு கட்ட இதைவிடச் சிறந்த மரம் அரிது. கால்விலங்கோடு கைதிகள் கார்டன் ஆற்றங்கரையில் இம்மரங்களை வெட்டி, கட்டி, மிதக்கவிட்டுக் கொண்டுவந்தார்கள். டேவிட் ஹாய் என்னும் கப்பற்கட்டுக் கலைஞரின்கீழ் சாரா தீவு அக்கால ஆஸ்திரேலியக் காலனிகளின் பெரிய கப்பல் தளங்களுள் ஒன்றாயிற்று. பெரிதும் சிறிதுமாக நூற்றுக்கு மேற்பட்ட கலங்கள் இங்கே கட்டப்பட்டன.

கடைசியாகக் கட்டிய ‘ஃபிரெடரிக்’ கப்பலை முடித்துத் தருவதற்காகச் சில கைதிகள் மட்டும் தங்கினார்கள். 1834ஆம் ஆண்டு ஜனவரியில் அவர்களுள் பத்துப் பேர் கப்பலைக் கைப்பற்றி, மற்றவர்களுக்கு உணவுப் பங்கு கொடுத்துக் கரையிறக்கிவிட்டு, தென்பெருங்கடலைக் கடந்து சிலே நாட்டுக்குப் போய்விட்டார்கள். நால்வர் பின்னர் பிடிபட்டு ஹோபார்ட்டில் விசாரிக்கப்பட்டார்கள். கப்பல் இன்னும் முறைப்படி பதிவாகவில்லை, எடுத்துச் சென்றதும் திறந்த கடலிலிருந்தன்று. ஆகவே இது கடற்கொள்ளை ஆகுமா என்று வாதம் எழுந்தது. தூக்குத் தண்டனை நிறைவேற்றப்படவில்லை. இந்நிகழ்ச்சியை வைத்து ரிச்சர்ட் டேவி எழுதிய நாடகம் 1994 முதல் ஸ்ட்ராஹனில் பல்லாண்டுகள் நடிக்கப்பட்டு வந்திருக்கிறது.

இலக்கிய வாசகருக்குச் சாரா தீவு வேறு வகையிலும் நெருக்கமானது. மார்கஸ் கிளார்க்கின் கைதி நாவலின் ஒரு பகுதி இத்துறைமுகத்தில் நிகழ்கிறது. இங்கே கைதியாயிருந்த வில்லியம் பியூலோ கூல்ட், குடியேற்றத்து மருத்துவருக்காக மீன்களை நீர்வண்ணத்தில் வரைந்தார். அந்த ஓவியப் புத்தகம் ஹோபார்ட் நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அதிலிருந்து ஃபிளானகனின் ‘கூல்ட்ஸ் புக் ஆஃப் ஃபிஷ்’ 2001ஆம் ஆண்டில் பிறந்தது. அளக்கவும் பெயரிடவும் வந்த அதிகாரத்துக்குள்ளிருந்து ஒரு கைதி மீனின் கண்ணை உற்றுப் பார்த்திருக்கிறார் என்பதே நமக்கு வியப்பு.

ஒரு சொல்லின் வெற்றி

மெக்குவாரி துறைமுகத்தில் கலக்கும் கார்டன் ஆற்றில்தான் இக்கரையின் அண்மைக்கால வரலாறு திரும்பியது. தென்மேற்கின் உள்நாட்டிலிருந்த பெடர் ஏரி 1972ஆம் ஆண்டில் நீர்மின் திட்டத்தால் மூழ்கியது. அதை எதிர்த்து அதே ஆண்டில் உருவான அமைப்பை உலகின் முதல் பசுமைக் கட்சியாகக் கருதுகிறார்கள். அடுத்து ஃபிராங்க்ளின் ஆற்றை மூழ்கடிக்கும் அணைத்திட்டம் வந்தது. 1982ஆம் ஆண்டு டிசம்பர் 14 அன்று பாப் பிரவுன் முதலியோர் தலைமையில் ஆற்றில் மறியல் தொடங்கியது. போராட்டக்காரர்களை ஸ்ட்ராஹனிலிருந்து ஆற்றுக்குள் ஏற்றிச் சென்றது ஒரு சுற்றுலாப் படகு. அந்நாளிலேயே யுனெஸ்கோ இப்பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மறியலில் 1,200க்கும் மேற்பட்டோர் கைதாயினர். ஃபிராங்க்ளின் ஆற்றின் வளைவொன்றைக் காலைப்பனியில் காட்டும் பீட்டர் டோம்பிரோவ்ஸ்கிஸின் ஒளிப்படம் 1983ஆம் ஆண்டுத் தேர்தலின்போது செய்தித்தாள்களில் வெளியாகி நாட்டை உலுக்கியது. ஆட்சி மாறியது. 1983ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று உயர் நீதிமன்றம் நால்வருக்கு மூவர் என்ற பெரும்பான்மையில் அணையைத் தடுக்கும் மத்திய அரசின் அதிகாரத்தை உறுதிசெய்தது.

அந்தப் போராட்டத்தின் கொடி ‘வில்டர்னஸ்’ என்ற சொல். அச்சொல் இல்லாமல் அந்த ஆறு பிழைத்திருக்காது என்பதை நாம் மறுக்கவில்லை. இன்று 15.8 லட்சம் ஹெக்டேர், தீவின் பரப்பில் ஐந்திலொரு பங்குக்கு மேல், பாதுகாக்கப்பட்டிருப்பது அதன் பயன். ஆனால் வழக்கில் வலுச்சேர்த்தவற்றுள் குட்டிக்கினா குகையும் ஒன்று. யாருமற்ற நிலம் என்று காக்கப்பட்டதற்குள்ளேயே, யாரோ இருந்தார்கள் என்பதற்கான சான்று காக்கப்பட்டது. 1990களில் மார்சியா லாங்டன் போன்ற தொல்குடி அறிஞர்கள், காலனியச் சட்டத்தின் ‘எவருக்கும் உரியதல்லாத நிலம்’ என்ற கோட்பாடே இச்சொல்லில் வேறு வடிவில் வாழ்கிறது என்று சுட்டினார்கள். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குட்டிக்கினா உள்ளிட்ட குகைகள் தொல்குடிச் சமூகத்திடம் திருப்பி அளிக்கப்பட்டன.

சொல்லின் மற்றொரு தீங்கும் உண்டு. எல்லைக்குள் இருப்பது தூய்மை என்றால், எல்லைக்கு வெளியே எதுவும் செய்யலாம் என்றாகிவிடுகிறது. மெக்குவாரி துறைமுகத்தின் தென்புறம் உலகப் பாரம்பரியம். வடபுறத்தில் கலக்கும் கிங் ஆற்றின் வழியே மவுண்ட் லயல் செப்புச் சுரங்கத்தின் கழிவு 1994 வரை ஏறத்தாழ பத்துக் கோடி டன் இறங்கியது. பின்னர் அதே நீரில் சால்மன் பண்ணைகள் பெருகின. மோஜியன் திருக்கை என்னும் மீன் உலகில் பாதர்ஸ்ட் துறைமுகத்திலும் மெக்குவாரி துறைமுகத்திலும் மட்டுமே அறியப்பட்டது. ஆழ்நீரில் உயிர்வளி குறைந்ததால் அது அருகி வருகிறது. 2025ஆம் ஆண்டு மார்ச்சில் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அப்பண்ணைகளுக்கே பாதுகாப்பளித்தது. வேலைவாய்ப்பா, மீனா என்று ஸ்ட்ராஹன் மக்களை ஒருவரோடொருவர் மோதவிட்டிருக்கும் வழக்கு இது. பயணக் கப்பலின் தளத்திலிருந்து பார்த்தால் அந்த நீர் அமைதியாகத்தான் தெரியும்.

எப்படிப் பார்ப்பது

இவ்வளவும் சொல்வதால் இக்கப்பல்களில் போகக்கூடாது என்பது நம் கருத்தன்று. பெருங்கப்பல்கள் ஒரு கரையைக் கண்ணாடிக்குள்ளிருந்து காட்டிவிட்டு நகர்ந்துவிடும். சிறு கப்பலில் காற்றுக்குக் காத்திருக்க வேண்டும், காலை நனைத்து இறங்க வேண்டும், நடக்க வேண்டும். சிப்பி மேட்டைக் காலடியில் காணும் வாய்ப்பு அவ்வாறு இறங்குபவருக்கே உண்டு. அப்போது சிப்பி மேட்டைச் சுட்டிக்காட்டுபவர், ‘இங்கே ஒரு காலத்தில் மக்கள் இருந்தார்கள்’ என்று மட்டும் சொன்னால் போதாது. யார் அழைத்துப்போனார்கள், எங்கே இறந்தார்கள், அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எங்கே வாழ்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சில கப்பல்களிலும் நடைபாதைகளிலும் இப்பேச்சு இப்போது தொடங்கியிருக்கிறது.

ராபின்சன் போன்றோர் அரைகுறையாக எழுதிவைத்த சொற்களிலிருந்தும், குடும்பங்களில் தங்கிய நினைவுகளிலிருந்தும், டாஸ்மேனியத் தொல்குடியினர் ‘பலவா கானி’ என்ற மொழியை மீட்டுருவாக்கி வருகிறார்கள். ஹோபார்ட்டின் தலைக்குமேல் நிற்கும் மலைக்கு 2013ஆம் ஆண்டு முதல் இரட்டைப் பெயர் அதிகாரபூர்வமாக வழங்குகிறது: குனன்யி, மவுண்ட் வெலிங்டன். தென்மேற்குக் கரையின் முனைகளும் குடாக்களும் பெரும்பாலும் இன்னும் ஆளுநர்களின் பெயரையும் மாலுமிகளின் பெயரையும் சுமந்துகொண்டுதான் இருக்கின்றன. டவ்ட்டரர் தன் குடாவை எப்படி அழைத்தார் என்பதை வரைபடத்தில் படிக்கும் நாள் வந்தால், அன்றைக்கு அந்தக் கரையை யாருமற்றது என்று விளம்பரம் செய்வது கடினமாகிவிடும்.